தோட்டத்துத் தண்ணீரை யார் யார் குடித்தார்கள்

திங்கட்கிழமையிலிருந்து தோண்டுகிறார்கள். தோட்டத்து வேலிக்கு அப்பால், பழைய விவசாய மருந்துக் களஞ்சியம் நின்ற இடத்தில் பெரிய வெள்ளைக் கூடாரம் ஒன்றைப் போட்டு, அதற்குள்ளேதான் மண்ணை அள்ளுகிறார்கள். லொறிகள் மூடிக்கொண்டுதான் வெளியே வருகின்றன. அப்படியிருந்தும் பின்னேரம் காற்றுத் திரும்பினால் எங்கள் பல்கனி வரைக்கும் அந்த வாசம் வந்துவிடுகிறது. கெட்டுப்போன பூண்டு போல, அதற்குள் ஒரு மண்ணெண்ணெய்க் காறல். இன்று உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, யன்னல்களைச் சாத்திவிட்டு, சாத்திய யன்னலுக்குப் பின்னால் நின்று அழுதேன். பயத்தில் அழவில்லை. உன் செம்மஞ்சள் வேலைச் சட்டையில் இருந்ததும் இதே வாசம்தான். அதைக் கழற்றிப் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, கை கழுவிய பிறகுதான் என் மகளைத் தூக்குவாய்.

அவள் இப்போது நித்திரை. அப்பாவும் படுத்துவிட்டார், அம்மா போன பிறகு அவர் எங்களோடுதான். என் கணவர் எங்கடின் மலைப்பகுதியில், ஹோட்டல் சமையலறையில். சீசன் முடியாமல் வர மாட்டார். இப்படி வீடு அடங்கிவிட்டால் முன்பெல்லாம் உனக்குத்தான் குரல் அனுப்புவேன்: பிள்ளையின் முதுகில் ஒரு சிவப்பு, பிள்ளை பால் குடிக்கவில்லை, இது அதனால் இருக்குமோ. உன் பதிலும் உடனே வரும். அந்த இலக்கம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அதற்கு அனுப்பத் துணிவில்லாமல் இதை எழுதுகிறேன்.

நீ முதன்முதலில் எங்கள் தோட்டத்துக்குள் வந்தபோது மகள் தள்ளுவண்டியில் மல்லாந்து கிடக்கும் பிராயம். நான் பிரசவ விடுமுறையில் இருந்தேன். ட்ராம் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து சற்று நடந்தால் நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டுகள் வரும். சுவிஸ்காரர் ரோசாவும் சலாதும் வைத்திருப்பார்கள். எங்கள் ஆட்களின் துண்டுகளில் பச்சைமிளகாயும் வெந்தயக்கீரையும் பூசணியும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கைப்பம்பு. அன்று அந்த வழியில், நிலத்துக்குள் இறக்கிய ஒரு குழாயின் பக்கத்தில் நீ குந்தியிருந்தாய். அளவு நாடா ஒன்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாய். அது தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்றது. என் மகள் சிரித்தாள். அப்பா மண்வெட்டியோடு கிட்டப் போய், உன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"பிள்ளை, உதுக்குள்ள என்ன தேடுறீர்?"

"தண்ணி எவ்வளவு கீழ இருக்குன்னு பாக்கறேன் ஐயா." அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க கேரளாவா?" என்றாய்.

அப்பாவுக்கு வந்த கோபம்! "கேரளாவோ? யாழ்ப்பாணம், பிள்ளை. தமிழ் எண்டால் அது நாங்கள் கதைக்கிறதுதான்."

"அப்போ நாங்க பேசறது என்னது ஐயா?"

"அது சினிமாப் படம்," என்றார் அப்பா.

நீ நிலத்தில் உட்கார்ந்துவிட்டாய், சிரிப்புத் தாங்காமல். அன்றைக்கே நாம் சிநேகிதிகள். திருநெல்வேலியில் பிறந்து, நிலத்தடி நீரைப் படித்து, வேலை பெர்மிட்டில் பாசலுக்கு வந்தவள் நீ. இந்த மாதிரி இடங்களை ஆராயும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. வேலிக்கு அப்பால் இருந்த களஞ்சியம் நெடுங்காலம் சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்கு உரமும் விதையும் களைக்கொல்லியும் விற்ற இடம். அதை இழுத்து மூடிவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். கட்டுவதற்கு முன் மண்ணிலும் தண்ணீரிலும் என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் நீ.

துளை போடும் இயந்திரம் உருளை உருளையாக எடுத்த மண்ணை நீ மரப்பெட்டிகளில் வரிசையாகக் கிடத்திவைத்து எனக்குக் காட்டினாய். மேலே கறுப்பு மண். கீழே ஆற்றுச் சரளை. இரண்டுக்கும் நடுவில் பச்சை கலந்த ஒரு சாம்பல் பட்டை. கையுறை விரலால் அதைச் சுட்டி, "இந்த இடத்துலதான் மருந்தடிக்கற தொட்டியெல்லாம் கொண்டுவந்து கழுவியிருக்காங்க. கழுவின தண்ணி அப்படியே உள்ள போயிருக்கு," என்றாய். "எங்க போயிருக்கு?" என்று கேட்டேன். நீ தலையைத் திருப்பி எங்கள் தோட்டத்துப் பக்கம் பார்த்தாய். "ஆறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். இன்னும் அளக்கணும்." நான் உயிரியல் படித்தவள், ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். ஆனாலும் அந்த நிமிடம் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மகளுக்கு வெயில் படுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறைத்தது தேநீரில்.

அப்பா தன் சிறு குடிசையில் காஸ் அடுப்பைப் பற்றவைத்து உனக்குப் பால் தேத்தண்ணி போட்டார். நீ ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டாய். "ஐயா, எங்க வீட்டுல எப்படிப் போட்டாலும் மேல ஒரு ஆடை மிதக்கும். இது ஊர் டீ மாதிரி இருக்கே!"

"அது குழாய்த் தண்ணி, பிள்ளை. முழுக்கக் கல்சியம். கேத்தில் எல்லாம் கல்லுப் பிடிக்கும். இது நல்ல தண்ணி. வாயில விட்டுப் பாரும், இனிக்கும்." அப்பா கைப்பம்பைக் காட்டினார்.

எங்கள் ஊரில் ஒரு வளவை வாங்குவதற்கு முன் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார்கள். உவரா, நல்ல தண்ணீரா என்று நாக்குத்தான் சொல்லும். நாக்குச் சொன்ன பிறகுதான் விலைபேச்சு. அந்த நாக்கோடு இங்கே வந்தவர்கள் எங்கள் ஆட்கள். பம்பில் 'குடிநீர் அல்ல' என்று ஜெர்மனில் ஒரு தகடு இருக்கத்தான் செய்தது. அதை அவர்கள் வாசிக்காமலும் இல்லை. "உது எல்லா இடமும் போட்டிருப்பாங்கள், சட்டத்துக்கு," என்பார் அப்பா. தோட்டத்தில் தேத்தண்ணிக்கும் அந்தத் தண்ணீர்தான். பெரிய பிளாஸ்டிக் கான்களில் நிரப்பி வீட்டுக்குக் காவிப்போய்ச் சோறு வடிப்பதும் அதில்தான்.

அப்பா உனக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனார். "இவ பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க நான் வேற தண்ணி குடுக்கேல்லை. சின்னவளுக்குப் பால்மா கரைக்கிறதும் இதிலதான்."

நீ கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாய். தள்ளுவண்டியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்க்காமல் அப்பாவிடம், "ஐயா, இன்னைலேருந்து இதைக் குடிக்க வேணாம்," என்றாய்.

"ஏன், என்ன கிடக்கு அதுக்குள்ள?"

"தெரியாது ஐயா. தெரியாததுனாலதான் சொல்றேன்."

அன்று பின்னேரம் ட்ராம் தரிப்பிடம் வரை உன்னோடு நடந்து வந்தேன். உங்கள் வேலையில் ஒரு கேள்வி இருக்கிறது என்று சொன்னாய். நஞ்சு எங்கே இருக்கிறது என்பது முதல் பாதி. அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பது அடுத்த பாதி. இந்தத் தோட்டத்துத் தண்ணீர் பயிருக்கு மட்டும் என்று உங்கள் திட்டத்தில் எழுதியிருந்தது. தகடு இருக்கிறதே, ஆகவே குடிப்பவர் எவருமில்லை. எவருமில்லை என்றால் அந்தப் பம்பை அவசரமாகச் சோதிக்கத் தேவையில்லை. குடித்த பிள்ளைகளைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையுமில்லை.

"நாங்கள் இருக்கிறம்தானே," என்றேன்.

"அதை நீங்கதான் சொல்லணும். நான் ஒரு கப் டீ குடிச்சேன், அதை மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

அதை நீ சொன்னாய் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. உன் மேலாளர் சிரித்தாராம். நீ சிரிக்கவில்லையாம். வேலை போனால் பெர்மிட்டும் போகும் நிலையில் இருந்தவள் திரும்பத் திரும்பக் கேட்டு, தோட்டக்காரர்களை விசாரிக்கக் கன்டோன் என்கிற மாநில அரசின் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியை வரவழைத்தாய். ஜெர்மன் போதாதவர்களுக்கு மொழிபெயர்க்க நான்.

அவர் வருவதற்கு முந்திய சனிக்கிழமை, மற்றத் தமிழ்க் குடும்பங்கள் அப்பாவின் குடிசையில் கூடினார்கள். பக்கத்துத் துண்டு மாமிதான் தொடக்கினா. "நாங்கள் பிரஜாவுரிமைக்குப் போட்டிருக்கிறம். இப்ப போய், தகடு கிடக்கத் தண்ணி அள்ளிக் குடிச்சம் எண்டு சொல்லேலுமோ?" தோட்டத்தைப் பறித்துவிடுவார்கள் என்றார் ஒருவர். அப்பா முடிவாகச் சொன்னார்: "ஒருத்தரும் குடிக்கேல்லை. எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லுவம். மாத்திச் சொன்னால்தான் பிரச்சினை."

நான் எதிர்த்துக் கதைத்தேன். "உனக்கு விளங்காது பிள்ளை," என்றார் அப்பா. அன்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. உனக்கும் விளங்கவில்லை. "குழந்தை குடிச்சிருக்குன்னு தெரிஞ்சும் எப்படிட்டி?" என்று கேட்டாய். அப்பாவை உன்னிடம் விட்டுக்கொடுக்கவும் முடியாமல், தாங்கிக் கதைக்கவும் முடியாமல் இருந்தேன்.

அதிகாரி மெல்லிய குரலில் பேசும் ஒரு பெண். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: இந்தத் தண்ணீரை நீங்களோ வீட்டிலுள்ளவர்களோ குடிப்பதுண்டா? அப்பாவின் முறை வந்தது. கையில் பூவாளி. "குடிக்கிறேல்லை. பயிருக்கு மட்டும்." நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அவர் தலையசைத்து எழுதினார். மகள் என் இடுப்பில் இருந்து என் சங்கிலியைச் சப்பிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு சொல்லோடு அவள் எந்தத் தாளிலும் இல்லாமல் போய்விடுவாள். நாளைக்கு அவளுக்கு ஏதாவது வந்து நான் ஒரு வைத்தியரிடம் ஓடினால், அந்தத் தண்ணீரை யாருமே குடிக்கவில்லையே என்பார்கள்.

நீ பம்புக்குப் பக்கத்தில் வெறும் போத்தல்களோடு நின்றாய். உன்னைப் பார்த்தேன். நீ வேண்டுமென்றே பம்பின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இது என் அப்பா சொன்னது. இனி நான் சொல்வது என்னுடையது," என்று ஜெர்மனில் சொன்னேன். "என் மகள் பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரில் கரைத்த பால்தான் குடித்தாள். வயிற்றில் அவளை வைத்துக்கொண்டு நானும் குடித்தேன்."

அப்பாவுக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது. ஆனால் மகள், பால், தண்ணீர் ஆகிய சொற்கள் தெரியும். பூவாளியைக் கீழே வைத்துவிட்டுக் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீ பம்பின் கைப்பிடியைப் பிடித்தாய். தண்ணீர் தெளியத் தெளிய நெடுநேரம் பம்பினாய். போத்தலில் காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்காமல் விளிம்பு வரை நிரப்பினாய். "மூடியைப் பிடி," என்றாய். நான் பிடித்தேன். குளிர்ப்பெட்டியைச் சாத்திய பிறகு, "நீ ஏன் எனக்காக வாய் திறக்கேல்லை?" என்று கேட்டேன். "நான் சொல்லியிருந்தா, நான் உன்னைச் சொல்ல வெச்சேன்னு ஆயிரும். உங்க அப்பா நாளைக்கு உன்கிட்ட பேசணும்லா," என்றாய்.

அவர் பேசவில்லை. பிள்ளையின் உடுப்பை மடித்து வைப்பார், வண்டியின் சில்லுக்கு எண்ணெய் விடுவார், எனக்குத் தேத்தண்ணியும் வைப்பார். பேச்சு மட்டும் இல்லை. ஒரு நாள், மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டே, அவளுக்குச் சொல்வது போலச் சொன்னார். "அகதி விசாரணையில என்ர கூட்டாளி ஒருத்தன் ஒரு திகதியை மாத்திச் சொல்லிப்போட்டான் அம்மா. நித்திரைக் குழப்பத்தில. பொய் சொல்லுறாய் எண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். அண்டைக்குப் பிடிச்ச பயம்." அவள் வாயைத் திறந்துகொண்டு அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தாள். நான் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. அதை அப்படியே உன்னிடம் சொன்னபோது "நான் ஐயாவைத் தப்பா நெனச்சுட்டேன்," என்றாய்.

முடிவு வந்தது. பம்புத் தண்ணீரில் களைக்கொல்லிகளின் எச்சங்கள், அவற்றில் ஒன்று எப்போதோ தடைசெய்யப்பட்டது, அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தன. இனிப்பாக, தெளிவாக, ஒரு வாசமும் இல்லாமல் இருந்த தண்ணீர். பம்புக்குச் சங்கிலி போட்டார்கள். அந்த அதிகாரி மறுபடி வந்தார். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அப்பா என்னைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றார். "இஹ். இஹ் ஹாப கெட்ராகன்," என்றார். நான்தான். நான்தான் காவினேன். அதற்குமேல் ஜெர்மன் வரவில்லை. கான் தூக்குவது போலக் கையை வைத்துக் காட்டினார். பின்னால் நின்ற மாமி, "நாங்களும்தான் எண்டு சொல்லு பிள்ளை," என்றா. ஒருவருக்கும் தோட்டம் போகவில்லை. தகட்டை மட்டும் பெரிதாக்கி, பல மொழிகளில் எழுதினார்கள். தமிழில் நீயும் நானும் சண்டைபோட்டுத்தான் அந்த வரியை எழுதினோம். 'குடிக்காதீர்கள்' போதும் என்றாய் நீ. 'ருசி பார்க்கவும் வேண்டாம்' என்று சேர்க்கச் சொன்னேன் நான்.

வைத்தியர் மகளைச் சோதித்துவிட்டு, இப்போது நன்றாக இருக்கிறாள், பின்னால் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது, ஆபத்து சிறியதாகத்தான் இருக்கும் என்றார். 'இருக்கும்' என்ற சொல் என்னைத் தின்றது. உனக்கு அழைத்தேன். "நீ சொல்லு. அவளுக்கு ஏதும் வருமோ?"

"எனக்குத் தெரியாது."

"சும்மா ஒரு ஆறுதலுக்கெண்டாலும் சொல்லேலாதோ உனக்கு? நீயெல்லாம் ஒரு சிநேகிதியோ?"

"ஆறுதலுக்குன்னா நேர்ல வர்றேன். போன்ல பொய் சொல்ல மாட்டேன்."

தொடர்பைத் துண்டித்தேன். நீ அடுத்த ட்ராமில் வந்தாய், ஒரு டப்பா தயிர்சாதத்தோடு. நான் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் போய் உட்கார்ந்தேன். நீ மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தூங்கும் வரை இருந்தாய். அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தாய். அந்தக் கேள்வியை நான் கேட்கும்போதெல்லாம் அதே பதிலைச் சொன்னாய். சொல்லிவிட்டு எழுந்து போனதே இல்லை.

உனக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. இலையுதிர்காலத்தில் முதுகு வலிக்கிறது என்றாய். மண்பெட்டி தூக்கியது என்று நினைத்தோம். குளிர்காலம் முடிவதற்குள் நீ அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளைவிடக் கொஞ்சம்தான் கனம் என்பது போலக் கிடந்தாய். ஊரிலிருந்து உன் அம்மாவும் தம்பியும் வந்து வாசலில் நின்று எல்லோரிடமும், நல்லாயிரும், நல்லாயிரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாய். "ஏட்டி, நான் பொழைப்பேனா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். வைத்தியர் என்னிடம் சொன்னதும் இருந்தது, உன் அம்மா சொல்லச் சொன்னதும் இருந்தது. "பிழைக்கிறது கஷ்டம் எண்டுதான் சொல்லினம். எப்ப எண்டு எனக்குத் தெரியாது," என்றேன். கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். கொஞ்ச நேரம் கழித்து, டீ வேணும் என்றாய்.

அப்பா பிளாஸ்கோடு ட்ராம் ஏறி வந்தார். உனக்குக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அவரே கரண்டியால் பருக்கினார். "ஆடை மிதக்குது ஐயா," என்றாய். "ஓம் பிள்ளை. இது டெஸ்ற் பண்ணின தண்ணி," என்றார் அப்பா. உன் உதடு சிரிப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

உன் உடலை ஊருக்குக் கொண்டுபோன பிறகு, இங்கே உன் சக வேலையாட்களும் நாங்களும் ஒரு மண்டபத்தில் கூடி விளக்கேற்றினோம். மாமி என் காதுக்குள் சொன்னா, "அந்த மருந்து மண்ணையெல்லாம் பிடிச்சபடியாத்தான் பிள்ளைக்கு உது வந்தது." எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. ஒரு காரணம் இருந்தால் கோபப்படவாவது ஒரு இடம் கிடைக்கும். "அது எங்களுக்குத் தெரியாது மாமி," என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அது உன் குரலில் வந்திருந்தது. மாமி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவினா.

தெரியாது என்பதை வாயால் சொல்லப் பழகிவிட்டேன். உடம்பு பழகவில்லை. மகளுக்குக் கடைப் போத்தல் தண்ணீர்தான். எங்கே போனாலும் என் தோளில் ஒன்று தொங்கும். சிறுபிள்ளைகள் காப்பகத்தில் அவர்கள் குழாயில் பிடித்துக் கொடுப்பதைக் குடிக்க விட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியை அதை வாசித்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தது எனக்குத் தெரியும்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு பழைய நகரத்துப் பக்கம் போனேன். இந்த ஊரின் கற்தொட்டிகளை உனக்குத் தெரியுமே, இரவு பகலாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் வாயை வைத்துக் குடித்தார்கள். என் மகள் கையை உருவிக்கொண்டு ஓடி, தொட்டி விளிம்பில் நாடியை ஊன்றி, குடிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வயதில் ஒரு பிள்ளை தண்ணீருக்கு முன்னால் நின்று தாயின் முகத்தைப் பார்க்கிறது. அவளுக்கு அதைப் பழக்கியது நான்.

"அம்மா, குடிக்கட்டோ?"

நகரமே குடிக்கும் தண்ணீர், நாள்தோறும் சோதிக்கும் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை முதலில் போத்தலுக்குத்தான் போனது. தோளில் தொங்கிய போத்தலை இறக்கிக் கீழே வைத்தேன். குனிந்து, உள்ளங்கையைக் குவித்து, நான் முதலில் குடித்தேன். கல்லின் குளிர். பிறகு அவளைத் தூக்கிப் பிடித்தேன். அவள் வாயை அகலத் திறந்து தண்ணீருக்குள் முகத்தைக் கொடுத்தாள். குடித்தது பாதி, என் கைமேல் வழிந்தது பாதி. போதும் என்று அவளே சொல்லும்வரை, இறக்காமல் வைத்திருந்தேன்.